நாற்பத்தோராவது வரி

"அவளோடதை எப்படி டீச்சர் எடுத்துக்கிட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார் குழந்தைவேலு.

கரூரில் கணக்கு சாஃப்ட்வேர் செய்து விற்கும் சின்னக் கம்பெனி அது. நடத்துகிறவர் மெஹருன்னிசா. முன்னே காலேஜில் பாடம் நடத்தியதால் எல்லோருக்கும் டீச்சர்தான், அவரைவிட ஆறு வயது மூத்த குழந்தைவேலுவுக்கும்.

சமாச்சாரம் இதுதான். ஒரு வங்கி தன் ஸ்டேட்மென்ட்டை உலகத்தில் யாரும் அனுப்பாத வடிவத்தில் அனுப்பும். சாஃப்ட்வேர் அதைச் சீந்தவே சீந்தாது. பிரித்து உள்ளே ஏற்ற ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். குழந்தைவேலு ஒன்று எழுதினார். போன வருஷம் சேர்ந்த பெனிட்டாவும் ஒன்று எழுதினாள். டீச்சர் பெனிட்டாவுடையதை எடுத்துக்கொண்டார்.

அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல். அவளுக்கு யாராவது டீ வாங்கிக் கொடுத்தால்கூட இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமைதான், வேறென்ன? இன்று ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வந்திருந்தார்.

என்னுடையது மூன்று செகண்டில் முடிகிறது, அவளுடையது பாதியில் முக்கிக்கொண்டு நிற்கிறது என்றார். பன்னிரண்டு வருஷம் உழைத்தவனுக்கு இதுதானா மரியாதை என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார்.

டீச்சர் ஒரு ஸ்டேட்மென்ட்டை எடுத்து அவருடைய கன்வெர்ட்டரில் போட்டார். மூன்றே செகண்ட். "வெற்றிகரமாக முடிந்தது" என்று பச்சையில் வந்தது.

அதையே பெனிட்டாவுடையதில் போட்டார். நாற்பத்தோராவது வரியில் நின்றது. "இந்த வரி எனக்குப் புரியவில்லை. பார்த்துச் சொல்லுங்கள்."

தேதி இருக்கவேண்டிய இடத்தில் மூன்று நட்சத்திரக் குறிகள் இருந்தன.

குழந்தைவேலு தன்னுடையதில் அந்த வரியைத் தேடினார். நாற்பதுக்கு அடுத்து நாற்பத்திரண்டுதான் இருந்தது.

புரியாததைத் தாண்டிப் போகும்படி எழுதியிருந்தேன், நடுவில் நின்றால் வாங்குகிறவர்கள் திட்டுவார்களே என்று முனகினார்.

டீச்சர் திரையை அணைத்தார்.

"உங்க கதையை இன்னொரு தடவை சொல்லுங்க. ஒரு வரிகூட விடாம."

அவர் தொடங்கினார். வங்கியைச் சொன்னார், வடிவத்தைச் சொன்னார். போன மாதம் பெனிட்டா ஒரு தாளோடு தன்னிடம் வந்ததைச் சொல்லவந்து நின்றுவிட்டார்.

பிறகு அதையும் மெல்லச் சொன்னார்.

"அண்ணே, இந்த நட்சத்திரம் என்னன்னு புரியலைன்னு கேட்டா. இதுகூடத் தெரியாதான்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சேன்."

"உங்களுக்குத் தெரியுமா?"

குழந்தைவேலு சட்டைப்பையில் கைவிட்டார். கடிதத்தை வெளியே எடுத்தார். திருப்பிப்போட்டு, அதன் முதுகில் அந்த நட்சத்திர வரியை எழுதிக்கொண்டார். எழுந்து நேரே பெனிட்டாவின் மேஜைக்குப் போய் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் புரியலைம்மா," என்றார்.