வில்சன் துரையின் சிநேகிதர்

புதுக்கோட்டையில் தீனதயாளன் என்று ஒரு ஏஜென்ட் இருந்தார். கனடா விசா வாங்கித் தருவதாகச் சொல்லி, ஊர்ப் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை எல்லாம் பீரோவில் பூட்டிவைத்துக்கொண்டார். தம்பியின் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டு, ஆடு மேய்க்கிற செம்பாயி ஒரு வருஷமாக நடையாய் நடந்தாள்.

அன்று ஆபீஸ் நிறைய ஆட்கள். செம்பாயி கேட்டேவிட்டாள்.

"சார், உங்களுக்கு அரசாங்க லைசென்ஸ் இருக்கா?"

ஏஜென்ட் சீறினார். "ஆடு மேய்க்கிறவ என்கிட்ட லைசென்ஸ் கேக்குறியா? தூதரகமே என் கையில இருக்குடி!"

செம்பாயி குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அப்ப அங்க பெரிய ஆபீசரு வில்சன் துரையத் தெரியுமா சார்?"

"வில்சனா? போன மாசம்கூட ஒண்ணா உக்காந்து பிரியாணி சாப்பிட்டோமே!"

"வில்சன் என் கிடா சார். போன மாசம் கறுப்பசாமிக்கு வெட்டுனோம். நாங்க அவனத்தான் சாப்பிட்டோம். நீங்க எப்படி அவன்கூட உக்காந்து சாப்பிட்டீங்க?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பெஞ்சில் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து மேஜையைச் சுற்றி நின்றார்கள். தீனதயாளன் வாசலைப் பார்த்தார். அங்கேயும் ஆள் நின்றது.

செம்பாயி கையை நீட்டினாள்.

"பீரோவத் தொறடா."