கூப்பிடக் கூடாத வீடு

கோடை வந்தால் புல்லெல்லாம் கருகிப்போகும் ஒரு காட்டில், பாறைச் சரிவின் அடியில் வளை தோண்டிக்கொண்டு, கூராயி என்ற முள்ளம்பன்றி தனியாகக் குடியிருந்தாள்.

கூராயி மகா கெட்டிக்காரி. எந்த வேலையானாலும் அதைப் பாதி நேரத்தில் முடிக்க ஒரு வழி கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் அவளை ஒட்டி உட்கார யாருக்கும் துணிச்சல் கிடையாது. உடம்பு முழுக்க முள் அல்லவா? பேச வருகிறவர்களும் இரண்டு முழம் தள்ளி நின்றுதான் பேசுவார்கள்.

அந்தக் காட்டு மண்ணுக்குள் வள்ளிக்கிழங்கு ஏராளமாகக் கிடந்தது. கூராயியையும் கட்டையன் என்ற காட்டுப்பன்றியையும் தவிர அதைத் தோண்டி எடுக்க யாராலும் முடியாது. எடுத்தாலும் அப்படியே தின்றால் தொண்டை காறும். கட்டையன் அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டான். கிடைத்ததைக் கிடைத்த இடத்திலேயே தின்று தீர்த்துவிடுவான். கூராயிதான் அதற்கு ஒரு பக்குவம் கண்டுபிடித்தாள். கிழங்கைப் பல்லால் வில்லை வில்லையாகச் சீவினாள். ஓடைத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டாள். பிறகு பாறைமேல் பரப்பி வெயிலில் காயவைத்தாள். காறல் போய், மொறுமொறுவென்று வற்றல் ஆகிவிட்டது.

அதைத் தேக்கிலையில் பொட்டலம் கட்டி, வீட்டு வாசலிலேயே வியாபாரத்தைத் தொடங்கினாள்.

புல் கருகிய காலத்தில் இப்படி ஒரு பண்டம் கிடைத்தால் விடுவார்களா? குரங்கு தாவன் விளாம்பழத்தோடு வந்தான். மான் பொன்னி நெல்லிக்காயோடு வந்தாள். முயல் பஞ்சி, ஓடைக்கரையில் கருகாமல் மிஞ்சிய ஒரு பிடி அருகம்புல்லோடு வந்தாள். கொண்டுவந்ததைக் கொடுத்துவிட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்கள்.

வாங்கியதும் போனார்களா என்றால், அதுதான் இல்லை.

"ஒரு பழத்துக்கு ஒரு பொட்டலம்தானா? கொசுறு கிடையாதா?" என்று தாவன் வெயில் உச்சிக்கு ஏறும்வரை பேரம் பேசுவான்.

"கூராயி, என் முதுகைப் பார். புள்ளிகள் முன்னைவிடப் பளிச்சென்று இல்லை?" என்று பொன்னி திரும்பித் திரும்பிக் காட்டுவாள்.

எல்லோரையும்விடப் பஞ்சிதான் அதிக நேரம் எடுத்துக்கொள்வாள். அவளுடைய நான்கு பிள்ளைகளும் எதிர் மலைக்குக் குடிபோய்விட்டன. பஞ்சிக்கு எதைக் கண்டாலும் பயம். பிள்ளைகளை நினைத்தால் இன்னும் பயம்.

"அக்கா, அந்த மலையில் நரி இருக்குமோ? சின்னவன் வேளைக்குச் சாப்பிட்டிருப்பானா?" என்று தினமும் கேட்பாள். நேற்று கேட்டதையே இன்றும் கேட்பாள்.

"இருக்காது, சாப்பிட்டிருப்பான்" என்று கூராயியும் நேற்று சொன்னதையே இன்றும் சொல்லுவாள்.

ஒருநாள் எல்லோரும் போன பிறகு கூராயி யோசித்தாள். 'பொட்டலம் கொடுக்க ஒரு நொடி போதும். பேச்சுக்குத்தான் ஒரு பகல் முழுக்கப் போகிறது. இந்தப் பேச்சை மட்டும் நிறுத்திவிட்டால் வியாபாரமும் நடக்கும், பகலெல்லாம் எனக்கே எனக்கென்று இருக்கும்.'

மறுநாளே அவள் வேலையில் இறங்கினாள். வளை வாசலுக்குப் பக்கத்தில் மழை படாத ஒரு பாறைப் பொந்து இருந்தது. அதில் பத்து நாளுக்கு வேண்டிய பொட்டலங்களை அடுக்கி வைத்தாள். சில சமயம் பின்வாசல் வழியாகவும் வந்து பேச்சுக் கொடுப்பார்கள் என்பதால் அதை மண் போட்டு அடைத்தாள். பிறகு எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னாள்.

"இனிமேல் பொந்திலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டுவந்ததை அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். நான் ஓய்வில் இருப்பேன். என்னைக் கூப்பிடாதீர்கள்."

"எதுவும் சொல்ல வேண்டுமென்றால், அக்கா?" என்று பஞ்சி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சொல்ல வேண்டாம்."

ஏற்பாடு நன்றாகவே நடந்தது. தாவன் மட்டும் எப்போதாவது கடித்த பழத்தை வைத்துவிட்டுப் போவான். அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. பத்து நாளைக்கு ஒருமுறை பொந்தை நிரப்புவதோடு கூராயியின் வேலை முடிந்தது.

முதல் வாரம் அவள் ஆசை தீரத் தூங்கினாள். இரண்டாம் வாரம் ஓடைக்கரைக்குப் போய் உட்கார்ந்தாள். அங்கே எல்லோரும் அவரவர் இரை தேடும் அவசரத்தில் இருந்தார்கள். "அடடே, ஓய்வோ? கொடுத்து வைத்தவள்!" என்று சொல்லிக்கொண்டே கடந்து போனார்கள். யாரும் நிற்கவில்லை.

மூன்றாம் வாரம் அவள் வெளியே போகவில்லை. வளைக்குள் படுத்து, வாசலில் கேட்கும் காலடிகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். குளம்புச் சத்தம் வந்தால் பொன்னி. தொப்பென்று குதித்தால் தாவன். வாசலில் சந்தித்துக்கொண்டால் அவர்கள் ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்ன பேச்சு என்று உள்ளே சரியாகக் கேட்காது. கூராயி காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் வேண்டுமென்றே பலமாக இருமினாள். 'உடம்புக்கு என்ன கூராயி?' என்று யாராவது கேட்பார்கள் என்று நினைத்தாள்.

சிரிப்புச் சத்தம் சட்டென்று நின்றது.

"உஷ்! நம் சத்தம் அவளுக்குத் தொந்தரவாக இருக்கிறது. வா, போய்விடலாம்" என்றாள் பொன்னி. அவளும் தாவனும் பூனைபோல் அடிவைத்து நடந்து போய்விட்டார்கள்.

எழுந்து ஓடிப்போய் அவர்களைக் கூப்பிட்டால் என்ன? கூராயிக்கு அப்படித் தோன்றாமல் இல்லை. 'நானே கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, நானே போய்க் கூப்பிடுவதா? சிரிக்க மாட்டார்களா?' என்று படுத்துவிட்டாள்.

சில நாள் கழித்து ஒரு மத்தியான வேளையில் இடியோடு கோடை மழை கொட்டியது. மழையைப் பார்க்கலாமென்று கூராயி வாசலுக்கு வந்தாள். மேலே சரிவில் மண் கரைந்து, ஒரு பெரிய பாறாங்கல் உருண்டு வந்தது. அவள் உள்ளே பாய்ந்தாள். ஆனாலும் இடது முன்கால் கல்லுக்கடியில் சிக்கிக்கொண்டது. கல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. மேலே ஒரு கைப்பிடி அகலத்துக்கு மட்டும் வெளிச்சம் தெரிந்தது.

"ஐயோ!" என்று துடித்தாள். காலை இழுத்தாள், வரவில்லை. திரும்பிப் பார்க்கலாமென்றால் முட்கள் வளையின் கூரையில் மாட்டிக்கொண்டன. அவள் முதுகுக்குப் பின்னால் வற்றல் குவியலாகக் கிடந்தது. எட்டவில்லை. பின்வாசலோ அவள் கையாலேயே அடைத்தது.

'பரவாயில்லை. எனக்குத் தெரியாத வழியா?' என்று அன்று முழுக்கக் கல்லுக்கடியில் மண்ணைப் பறித்தாள். பறிக்கப் பறிக்கக் கல் இன்னும் இறங்கிக் காலை அழுத்தியது. அதோடு நிறுத்திவிட்டாள். ஈரச் சுவரை நக்கித் தாகத்தைத் தீர்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் தாவனும் பொன்னியும் வந்தார்கள்.

"பார்த்தாயா? இப்போது கதவே போட்டுவிட்டாள்!" என்றான் தாவன்.

"தாவா! பொன்னி! என் கால் மாட்டிக்கொண்டது! கல்லைத் தள்ளுங்கள்!" என்று கூராயி தொண்டை கிழியக் கத்தினாள்.

கல்லைத் தாண்டி வெளியே போனது வெறும் கூச்சல்தான். கத்திய வேகத்தில் சொற்கள் வளைக்குள் எதிரொலித்துக் குழம்பிவிட்டன.

"என்னவோ சொல்கிறாளே?" என்றாள் பொன்னி.

"வேறென்ன சொல்வாள்? சத்தம் போடுகிறோம் என்று நம்மைத் திட்டுகிறாள். எடுத்துக்கொண்டு கிளம்பு!"

அவர்கள் காலடி தேய்ந்து போவதைக் கூராயி கேட்டாள். அன்று இன்னும் ஐந்தாறு பேர் வந்தார்கள். கத்தக் கத்த அவர்கள் வேகமாகப் போனார்கள். சாயங்காலத்துக்குள் அவளுடைய குரல் கட்டிவிட்டது.

அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. பாவம், அவர்கள் அவள் பேச்சைத் தட்டாமல் நடந்துகொண்டார்கள். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. இன்னும் ஏழெட்டு நாளுக்குப் பொந்தில் பொட்டலம் இருந்தது. அது தீரும்வரை அவளை யாரும் தேடப்போவதில்லை.

மூன்றாம் நாள் வெயில் ஏறிய பிறகு, வாசலில் பட்டும் படாமலும் ஒரு காலடி கேட்டது. இரண்டு எட்டு வைக்கும், நிற்கும். மறுபடி இரண்டு எட்டு.

பஞ்சி!

கூராயி வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். 'கத்தினால் இவள் குலை நடுங்கி ஓடிவிடுவாள். ஓடினால் இந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள். என்ன சொன்னால் நிற்பாள்?'

கட்டிப்போன குரலில், மெதுவாக, மேலே தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"பஞ்சி... பிள்ளைகளிடமிருந்து சேதி ஏதாவது வந்ததா?"

முயல் காதல்லவா? வெளியே காலடி நின்றது. வெகுநேரம் சத்தமே இல்லை. போய்விட்டாளோ என்று கூராயி பதறினாள்.

"அக்கா?" என்று கல்லுக்கு மிக அருகில் பஞ்சியின் குரல் கேட்டது. "என்னையா கேட்டீர்கள்?"

"உன்னைத்தான். சின்னவன் எப்படி இருக்கிறான்?"

அவ்வளவுதான். பஞ்சி அந்த இடுக்கில் தன் நீளக் காதை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு சேதியும் இல்லை, அக்கா. காகத்திடம் சொல்லி அனுப்பினேன், அதுவும் திரும்பவில்லை. வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். இலை விழுந்தாலும் யாரோ வருகிறார்கள் என்று எழுந்து உட்காருகிறேன். இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லை. உங்களிடம் சொல்லலாமென்றால் நீங்கள் ஓய்வில் இருக்கிறீர்கள். வந்து நின்றுவிட்டு நின்றுவிட்டுப் போவேன்."

"தினமும் வந்து நின்றாயா?"

"தினமும்தான். மழை பெய்த அன்றும் நேற்றும்தான் வரவில்லை. இடி என்றால் எனக்குப் பயம்."

கூராயி நினைத்துப் பார்த்தாள். இருட்டில் அவளும் வெளிச்சத்தில் பஞ்சியுமாக, நடுவில் ஒரு வாசலை வைத்துக்கொண்டு, இத்தனை நாள் ஒரே குறையோடு இருந்திருக்கிறார்கள். பஞ்சி நான்கு பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னாள். கால் விண்ணென்று தெறித்தது. ஆனாலும் கூராயி குறுக்கிடவில்லை.

கடைசியில் பஞ்சியே கேட்டாள். "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், அக்கா? எதற்கு இவ்வளவு பெரிய கதவு?"

"அது கதவில்லை, பஞ்சி. மழையில் உருண்டு வந்த கல். என் கால் அதற்கடியில் இருக்கிறது. மூன்று நாளாகிறது."

"ஐயையோ! இதை முதலிலேயே சொல்லக் கூடாதா!" என்று பஞ்சி துள்ளி எழுந்தாள்.

எதைக் கண்டாலும் பயப்படுகிற பஞ்சி, கட்டையன் புரளும் சேற்றுப் பள்ளத்துக்கே ஓடினாள். கட்டையன் வந்தான். கொம்புப் பல்லைக் கல்லுக்கடியில் கொடுத்து, ஒரே நெம்பில் புரட்டிவிட்டான். சத்தம் கேட்டுத் தாவனும் பொன்னியும் ஓடி வந்தார்கள். நசுங்கிய காலோடு கூராயி வெளியே வந்ததைப் பார்த்து இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நீ எங்களைத் திட்டுகிறாய் என்று நினைத்துவிட்டோம், கூராயி" என்றாள் பொன்னி.

"வேறு எப்படி நினைப்பீர்கள்?" என்றாள் கூராயி.

ஆளுக்கு ஒரு பச்சிலை கொண்டுவந்து கட்டிவிட்டு, அவரவர் வேலைக்குப் போனார்கள்.

காயம் ஆறியது. நடை மட்டும் நொண்டலாகிவிட்டது. பொந்தில் பொட்டலம் வைக்கும் ஏற்பாட்டைக் கூராயி மாற்றவில்லை. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அடைத்த பின்வாசலைத் திறந்தாள். மத்தியானங்களில் முன்வாசலில் வந்து உட்கார்ந்தாள். 'இனி யாரும் வந்து பேசலாம்' என்று எல்லோரிடமும் சொல்லியும் வைத்தாள்.

முதல் நாள் ஒருவரும் நிற்கவில்லை. எடுத்தோம், வைத்தோம், போனோம் என்று எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. தாவன்கூடப் பேரம் பேசவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே போயிற்று. ஓய்வைக் கெடுத்துவிடுவோமோ என்று தயங்கியோ என்னவோ, பஞ்சியும் வரவில்லை. வெயில் நகர்ந்து, நிழல் நீண்டு, வாசல் முழுக்க நிழலாகும்வரை கூராயி தனியாக உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் எழுந்தாள். நொண்டி நொண்டி மேட்டைத் தாண்டினாள். முட்புதருக்குப் பின்னால் இருந்த பஞ்சியின் வளைக்கு முன்னால் போய் நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அங்கே போனதே இல்லை.

காலடி கேட்டு உள்ளே படபடவென்று சத்தம் எழுந்தது.

"யா... யாரது?"

"நான்தான், கூராயி."

பஞ்சி மூக்கை மட்டும் வெளியே நீட்டினாள். "பொட்டலம் கொண்டுவந்தீர்களா, அக்கா? நான் கேட்கவில்லையே."

"கொண்டுவரவில்லை."

"அப்படியானால் என்ன வேலையாக வந்தீர்கள்?"

கூராயி யோசித்துப் பார்த்தாள். வேலை ஒன்றுமே இல்லை.

"சும்மாதான் வந்தேன்" என்றாள்.

பஞ்சி முழுசாக வெளியே வந்தாள். பிறகு அவசர அவசரமாக வாசலில் கிடந்த சருகைத் தள்ளி இடம் செய்தாள்.

"வாருங்கள் அக்கா, வெயிலில் நிற்காதீர்கள்."

நீதி: வேலையிலிருந்து மிச்சப்படுத்திய நேரத்தைப் பிறரோடு பகிர்ந்துகொள்பவருக்கே அது ஓய்வாக இருக்கும்.