செம்பியின் இரத்தத்தில் கொழுப்பு

ஆம்பல் குட்டையில் நெளியாள் என்று ஓர் அட்டை இருந்தது. தண்ணீர் குடிக்க வருகிறவர்களின் காலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். குடித்ததும் ருசி சொல்லாமல் விடாது. அப்படியொரு வாய்!

ஒருநாள் செம்பி என்ற நிறைசினைப் புள்ளிமான் அங்கே வந்தது. நெளியாள் ஒரு வாய் குடித்துவிட்டு, "அடேயப்பா! செம்பி, உன் இரத்தத்துல என்ன இவ்வளவு கொழுப்பு!" என்று கத்தியது.

புதரில் படுத்திருந்த வக்கணையன் என்ற குள்ளநரியின் காதில் இது விழுந்தது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு ஓடி வந்தது.

"ஐயோ தாயி! அது பொல்லாத நோயாச்சே! வயித்துப் பிள்ளையைக் கொன்னுடும். இலுப்பைப் பூவைத் தொடாதே. புல்லையும் பாதியாக் குறை!"

பிள்ளை என்றதும் செம்பி பயந்துபோனது. அரைப்பட்டினி கிடந்தது. நரியின் கணக்கு வேறு. தாயால் ஓட முடியாது, குட்டியால் எழ முடியாது, தனக்கு நல்ல விருந்து!

சில நாளில் செம்பியின் விலா எலும்பு தெரிந்தது. வயிற்றுக்குள் துள்ளிக்கொண்டிருந்த குட்டியின் அசைவு குறைந்தது. நரி சொன்னபடி செய்தும் குட்டி வாடுகிறதே என்று செம்பிக்குச் சந்தேகம் வந்தது. தள்ளாடித் தள்ளாடிக் குட்டைக்கு வந்தது.

"நெளியாள்! காட்டெருமை கரியாத்தா சினையா இருந்தப்போ அவ இரத்தம் எப்படி இருந்துச்சு?"

"உன்னுது மாதிரியேதான். ஒரே கொழுப்பு!"

"கன்னு போட்டப்புறம்?"

"பழையபடி ஆயிடுச்சு. முயலுக்கும் அப்படித்தான்."

"அவங்க பிள்ளைங்க?"

"கொழுகொழுன்னு ஓடுதுங்களே, நீ பாக்கலையா?"

"அப்போ இது நோயே இல்லை! என் குட்டி வளரத்தான் என் உடம்பு சேத்து வெச்சிருக்கு! இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"நீ கேக்கலையே! நான் ருசி மட்டும்தான் சொல்லுவேன்."

தான் பட்டினி கிடந்தால் யாருக்கு லாபம் என்று யோசித்ததும் செம்பிக்கு நரியின் கணக்கு புரிந்துவிட்டது. வந்த கோபத்தில் பசி இன்னும் கூடியது. நேராக இலுப்பை மரத்தடிக்குப் போய் வயிறு நிறையத் தின்றது. நாளுக்கு நாள் தெம்பு வந்தது. ஒரு காலையில் குட்டி உள்ளேயிருந்து ஓங்கி உதைத்தது. செம்பி சந்தோஷத்தில் அழுதேவிட்டது.

குட்டி பிறந்த அன்று வக்கணையன் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தது.

"பாவம், எழுந்திருக்கக்கூடத் தெம்பில்லையா தாயி?"

"கிட்ட வந்து பாரேன்!"

நரி கிட்ட வந்தது. செம்பியின் முன்னங்கால் அதன் தாடையில் இடியாக இறங்கியது. இரண்டு பல் தெறித்தன. ஊளையிட்டபடி ஓடிய நரி அந்தக் காட்டுப் பக்கமே திரும்பவில்லை. சற்று முன் பிறந்த குட்டி நாலு காலில் நிமிர்ந்து நின்று அதை வேடிக்கை பார்த்தது!

ஒருவர் நம்மைப் பயமுறுத்தி ஒன்றைச் செய்யச் சொன்னால், அதனால் அவருக்கு என்ன லாபம் என்று முதலில் விசாரிக்க வேண்டும்.