சும்மா இருந்த எஞ்சினியர்

சிவக்கொழுந்து எஞ்சினியருக்குக் கை சுத்தம். இலாகாவில் அவருக்கு வேண்டாதவர்கள்கூட அதை ஒப்புக்கொள்வார்கள். ஏழைகளுக்கு மாடி வீடு கட்ட அரசாங்கம் கோடி கோடியாகக் கொட்டியது. அதில் ஆளுக்கொரு கரண்டி அள்ளியபோது இவர் கையையும் நீட்டவில்லை, வாயையும் திறக்கவில்லை. 'கழுவுற மீனில் நழுவுற மீன்' என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள். அது காதில் விழுந்தும் கோபம் வரவில்லை என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

அவர் குருவாக ஏற்றது தாண்டவ அடிகளை. சீடருக்கு ஓய்வுபெறும் வயது, குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. புறவழிச்சாலை ஓரத்தில் லாரிச் சத்தத்துக்கு நடுவே மடம். யார் என்ன கேட்டாலும் அடிகள் சொல்வது ஒன்றுதான்: "சும்மா இரு."

ஒரு நாள் காலை எஞ்சினியர் மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"சாமி, எனக்கு அது கைகூடிடுச்சுன்னு நினைக்கிறேன்."

"எது?"

"சும்மா இருக்கிறது."

"எப்படித் தெரிஞ்சுது?"

"ஏரியைத் தூர்த்து அஞ்சு மாடி கட்டியிருக்கோம். நாளைக்கு மந்திரி வந்து திறக்கிறார். அஸ்திவாரத்துக்குப் பைல்னு கான்கிரீட் தூண் இறக்கினாங்களே, சொன்ன ஆழத்துல பாதிகூட இறக்கல. காண்ட்ராக்டர் பெரிய இடத்துக்கு வேண்டியவர். எல்லாம் என் கண் முன்னாலதான் நடந்துச்சு. முன்னேயெல்லாம் இப்படின்னா சோறு இறங்காது எனக்கு. இந்தத் தடவை மனசு அசையவே இல்ல சாமி. தாமரை இலைத் தண்ணி மாதிரி ஒட்டாம இருந்துட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லல."

அடிகளிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை வரும் என்று எஞ்சினியர் காத்திருந்தார்.

"ஜீப்புல இடம் இருக்கா? அந்தக் கட்டடத்தை நான் பார்க்கணும்" என்றார் அடிகள்.

அங்கே திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஒரு பெண் இறங்கினாள். பெயர் நவநீதம், கால்வாய்க்கரைக்காரி. கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாள். படிக்கட்டுப் பக்கம் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தாள். எஞ்சினியர் யார் என்று காவலாளியிடம் விசாரித்துக்கொண்டு நேரே வந்தாள்.

"ஐயா, நீங்கதான் இதைக் கட்டினீங்களாமே?"

"ஆமாம்மா."

"எங்க குடிசையக் காலையில இடிச்சுட்டாங்க. இன்னைக்கே வந்துடச் சொல்லி இங்க மூணாவது மாடியில வீடு குடுத்திருக்காங்க. படிக்கட்டுச் சுவத்துல விரல் நுழையிற அளவுக்கு விரிசல் விட்டிருக்கே ஐயா. புள்ளைய வெச்சிருக்கேன், பயமா இருக்கு. இது நிக்குமா? நிக்காதுன்னா இப்பவே சொல்லிடுங்க. இதே ஆட்டோவுல எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன்."

எஞ்சினியர் பந்தலைப் பார்த்தார். மந்திரியின் படத்தைப் பார்த்தார். பணி ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். குருவாவது கை கொடுக்க மாட்டாரா என்று திரும்பினால், அடிகள் வாழைமரம் கட்டுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

எஞ்சினியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

நவநீதத்தின் முகம் தெளிந்தது.

"கோளாறு இருந்தா உங்கள மாதிரி பெரியவங்க சும்மா இருப்பீங்களா? இப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு." ஆட்டோக்காரனைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "சாமானை இறக்குண்ணே!"

குழந்தையோடு அவள் படியேறிப் போனாள். சாமானை இறக்கிப் போட்டுவிட்டு ஆட்டோவும் போய்விட்டது. எஞ்சினியருக்கு அவமானத்தில் காது மடல் சுட்டது. சும்மா இருந்தால் இப்படிச் சுடும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அடிகள் குனிந்து, அவளுடைய கோரைப்பாயை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். படியில் கால் வைத்தார்.

"எங்க போறீங்க சாமி?"

"மூணாவது மாடிக்கு. பாயைக் குடுத்துட்டு, மழைக்காலம் முடியிற வரைக்கும் அந்தம்மா வீட்டு வாசல்லயே படுத்துக்கிறேன். காத்து நல்லா வரும்."

"விளையாடாதீங்க சாமி."

அடிகள் ஏறிக்கொண்டே இருந்தார்.

"ஐயோ, வேண்டாம் சாமி! இது நிக்காது! அடியில வெறும் ஏரிச் சேறு, ஒரு பெருமழைக்குத் தாங்காது! உங்க கால்ல விழறேன், இறங்கி வந்துடுங்க!"

அந்தச் சத்தத்தில் பந்தல்காரர்கள் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மாடியிலிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது. நவநீதம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள்.

அடிகள் நின்றார். மேலே அவளைப் பார்த்தார். பிறகு எஞ்சினியர் பக்கம் திரும்பினார்.

"அவ கேட்டப்போ இந்த வாய் எங்க போயிருந்துச்சு?"