கருங்குட்டைக்குக் கிளம்பிய கல்லூரி

"முடிச்சாச்சு!" என்று கத்தினாள் அணில் வேகவல்லி.

மரங்கொத்தி கொத்துவதை நிறுத்தியது. புளியங்காட்டுக் கல்லூரியே வாயைப் பிளந்தது. பின்னே, நாற்பது ஓலைகள்! மரங்கொத்தி நூறு தரம் மரத்தைக் கொத்துவதற்குள் நாற்பதையும் படித்துத் தள்ளிவிட்டாளே! அந்தக் காட்டில் வாசிப்பைக் கொத்துக் கணக்கில்தான் அளப்பார்கள். எவ்வளவு புரிந்தது என்று அளக்க மட்டும் ஒரு வழியும் இல்லை. அதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்பட்டதும் இல்லை.

"பலே! பலே! நம்ம கல்லூரிக்கே பெருமை!" என்று தொந்தி குலுங்கக் குதித்தார் முதல்வர் கரடியார்.

அதே நேரம் தேவாங்கு சாவதானம் மூன்றாவது ஓலையில் இருந்தான். எழுத்தின் மேல் விரலை வைப்பான். உதட்டை அசைப்பான். புரியாத இடம் வந்தால் பின்னால் போய் மறுபடி ஆரம்பிப்பான். பார்க்கிறவர்களுக்குத்தான் கொட்டாவி வரும்.

"என்னடா சாவதானம், ஓலையைப் படிக்கிறியா, தடவிக் கொடுக்கிறியா?" என்று வேகவல்லி கேலி செய்தாள்.

"படிக்கிறேன். நீ சும்மா இருந்தா இன்னும் நல்லாப் படிப்பேன்" என்றான் அவன், விரலை எடுக்காமலே.

வேகவல்லியின் வித்தை ரொம்பச் சுலபம். அதை அவள் ஒளித்து வைக்கவும் இல்லை. "வரியில முன்பாதியைப் பார்த்தாப் போதும்! பின்பாதி என்னவா இருக்கும்னு நாமளே ஊகிச்சுக்கலாம்!" என்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தாள். பாதிக் கல்லூரி அப்படித்தான் படித்தது. அவளோடு ஒரே பொந்தில் தங்கியிருந்த சருகுமான் கொழுந்துக்கு வேகவல்லி சொன்னால் அதற்கு மறுபேச்சே கிடையாது. முயலை விடச் சற்றே பெரிய உருவம், குச்சி குச்சியாய்க் கால்கள், எதையும் நம்பிவிடும் மனசு. வேகவல்லிக்கு அவள் என்றால் உயிர்.

அந்த ஆண்டு கோடை பொல்லாத கோடை. கல்லூரிக் குளம் சுருங்கிச் சேறானது. பிறகு சேறும் காய்ந்து வெடித்தது. நான்கு நாளாய் யாருக்கும் சொட்டுத் தண்ணீர் இல்லை. கொழுந்து பேசக்கூட முடியாமல் நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்துவிட்டாள். வேகவல்லி அவள் முகத்துக்கு ஓர் இலையால் விசிறினாள்.

கரடியார் நூலகப் பொந்துக்குள் தலையை விட்டுத் துழாவி, ஒரு நீளமான ஓலையோடு வெளியே வந்தார். "நம்ம காட்டு நீர்நிலை எல்லாம் இதுல இருக்கு! யாரு சட்டுனு படிச்சுச் சொல்றது?"

"நான்! நான்!" என்று பாய்ந்து வாங்கினாள் வேகவல்லி. அவள் கண்கள் ஓலையின் மேல் துள்ளி ஓடின. மரங்கொத்தி மூன்று கொத்துக் கொத்தியிருக்கும், அவ்வளவுதான்.

"கிடைச்சிடுச்சு! மேற்கே மூங்கில் சரிவுக்கு அப்பால் கருங்குட்டை! வற்றாத நீர்! தெளிஞ்ச நீர்! பயமில்லாம இறங்கலாம்! கிளம்புங்க!"

"ஓ!" என்று காடே ஆர்ப்பரித்தது.

"கொஞ்சம் இருங்க. நானும் ஒரு தடவை படிச்சுக்கிறேன்" என்றது ஒரு மெல்லிய குரல். சாவதானம்தான்.

"நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள மழையே வந்துடும்!" என்றாள் வேகவல்லி. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காட்டெருமை மலையப்பன் மட்டும் அவனை அலேக்காகத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டான். "நடந்தா நீ வந்து சேர மாட்டே. ஏறிக்கோ. போற வழியில படி" என்றான்.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் கிளைக்குக் கிளை தாவியபடி வேகவல்லி. கடைசியில் மலையப்பன். அவன் முதுகில் ஓலையை விரித்து வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு, எழுத்தெழுத்தாய்ச் சாவதானம்.

"மேற்கே... மூங்கில் சரிவுக்கு அப்பால் உள்ள... கருங்குட்டையில்... கோடையிலும் நீர்... வற்றாது... என்றும்..."

"அதைத்தானே நானும் சொன்னேன்!" என்று கத்தினாள் வேகவல்லி.

மூங்கில் சரிவைத் தாண்டினார்கள். அதோ! பளபளவென்று தண்ணீர்! நீலவானம் அப்படியே அதற்குள் கிடந்தது. கரை வழுவழுவென்றிருந்தது. அதில் ஒரு குளம்படி இல்லை, ஒரு நகக்கீறல் இல்லை. வேகவல்லி அதையும் பார்க்கத்தான் செய்தாள். "ஆகா, வேற யாருமே வர்றதில்லை! எல்லாம் நமக்கே நமக்கு!" என்று குதித்தாள்.

"அந்நீர்... கண்ணாடி போல்... தெளிந்திருக்கும்... என்றும்..."

"என்றும் என்றும்னு எத்தனை தடவைடா இழுப்பே!"

தண்ணீரைக் கண்டதும் கொழுந்துக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ! கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

"அதன் கரையில்... எவரும் அச்சமின்றி இறங்கலாம்... என்றும்... நரிகள்..."

வேகவல்லியின் காது விறைத்தது. நரிகளா? ஓலையில் நரி எங்கே வந்தது? அவள் பார்க்கவே இல்லையே!

"நரிகள்... சொல்லக்... கேட்டு..."

"சீக்கிரம் படிடா!" என்று அலறினாள். சாவதானம் ஓர் எழுத்தையும் தாண்டவில்லை.

"அங்கே... போனவர்... ஒருவரும்... திரும்பி..."

திரும்பி? திரும்பி என்ன? எத்தனையோ வரிகளின் பின்பாதியை வாய்க்கு வந்தபடி ஊகித்தவள் அவள். இந்த ஒரு சொல்லை ஊகிக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

"வரவில்லை. கரை முழுவதும்... புதைசேறு."

"கொழுந்து! நில்லுடி!"

கொழுந்தின் நான்கு கால்களும் அதற்குள் சேற்றில் இறங்கிவிட்டன. உதற உதற உள்ளே போனாள். வயிறு வரை வந்துவிட்டது!

"அசையாதே! அப்படியே இரு!" வேகவல்லி ஒரு நீண்ட கொடியைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஒரு முனையை மலையப்பனின் கொம்பில் சுற்றினாள். மறுமுனையை வாயில் கவ்விக்கொண்டு சேற்றின் மேல் பாய்ந்தாள். அணில் கனம் என்ன கனம்? சேறு அவளை விழுங்குவதற்குள் அடுத்த அடி வைத்துவிட்டாள். கொழுந்தின் இடுப்பில் கொடியை இரண்டு சுற்று சுற்றி இறுக்கினாள்.

"இழு மலையப்பா!"

மலையப்பன் பின்வாங்கினான். கொடி முறுகியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். 'பொளக்'கென்று சேறு வாயைத் திறந்து கொழுந்தை விட்டது!

வேகவல்லி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "நான் படிக்கவே இல்லைடி! படிச்ச மாதிரி புரட்டினேன், அவ்வளவுதான்! உன்னைக் கொல்லப் பார்த்தேனே!"

"அழுறது இருக்கட்டும்... தண்ணி..." என்று முனகினாள் கொழுந்து. அவள் கண்கள் செருகின.

சாவதானம் ஓலையை நீட்டினான். "இன்னும் நாலு வரி இருக்கு. வெயில்ல எனக்குக் கண்ணு எரியுது. நீ படி."

கரடியாரும் கைகட்டி நின்றார். இந்த முறை மரங்கொத்தியைக் கொத்தச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வேகவல்லி ஓலையைத் தரையில் விரித்தாள். முதல் எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"கிழக்கே... இரட்டைப் பாறையின் அடியில்... ஒரு சுனை..."

"கிழக்கே சுனை! ஓடுங்க!" என்று கூட்டம் கிளம்பியது.

"யாரும் அசையக் கூடாது!" என்று கீச்சிட்டாள் வேகவல்லி. "இன்னும் வினைமுற்று வரலை!"

தூக்கிய காலைக் கரடியார் அப்படியே கீழே வைத்தார்.

"அந்தச் சுனையில்... எல்லா உயிர்களும்... அஞ்சாமல்... இறங்கிக்... குடிக்கலாம்." அவள் அதோடு விடவில்லை. அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். மிச்ச வரிகளையும் விரல் வைத்துப் படித்து முடித்தாள். ஓலையைத் திருப்பி மறுபக்கத்தையும் பார்த்தாள். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "குடிக்கலாம்தான்! இது நரி சொன்னது இல்லை, ஓலையே சொல்லுது! இப்ப ஓடுங்க!"

மலையப்பன் முதுகில் கொழுந்தும் சாவதானமும் ஏறிக்கொள்ள, கல்லூரி கிழக்கே பறந்தது. பாறையடியில் சுனை சலசலத்துக்கொண்டிருந்தது. கொழுந்து மூக்கு வரை முக்கி மடக் மடக்கென்று குடித்தாள். அவள் நிமிர்ந்து, "இன்னும் வேணும்!" என்று சிரித்த பிறகுதான் வேகவல்லி தன் வாயை நீரில் வைத்தாள்.

எவ்வளவு வேகமாய்ப் படித்தாலும், கடைசிச் சொல் வரை படித்துப் பொருள் உணர்ந்தவரே உண்மையில் படித்தவர்.