நாலு பேர் ஆக்கிய கேஜன் மாட்டுக்கறிச் சோறு

தூத்துக்குடியில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த நாலு பேர் சேர்ந்து ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். தஸ்நேவிஸ், இன்னாசி, தொம்மை, சிலுவை. நாலு பேருமே நல்லவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். அவர்களைப் பற்றிப் புகார் சொன்ன எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள்.

தஸ்நேவிஸுக்கும் தையல் கடை வைத்திருந்த பிலோமிக்கும் மூன்று வருஷப் பழக்கம். பிலோமியின் அப்பா கஸ்பார் கப்பல்காரர். லீவில் வந்திருந்தார், செவ்வாய்க்கிழமை திரும்பவும் கப்பலேற வேண்டும். வெள்ளிக்கிழமை பிலோமி போன் செய்தாள்.

"அப்பா ஞாயித்துக்கிழமை மத்தியானம் உங்க வீட்டுக்குச் சாப்பிட வாராக. அமெரிக்காவுல ஏதோ துறைமுகத்துல கேஜன் மாட்டுக்கறிச் சோறுன்னு சாப்பிட்டாகளாம். இருவது வருஷமா அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்காக. அத ஆக்கிப் போட்டுருங்க. அடுத்த வாரமே கோயில்ல கல்யாண அறிவிப்பா ஓலை வாசிச்சிரலாம்."

"அதுல என்ன இருக்கு?" என்றான் தஸ்நேவிஸ்.

உண்மையிலேயே அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல்தான் கேட்டான். பிலோமி அதைத் தைரியம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் நாலு பேரும் அடுப்படியில் கூடினார்கள். இன்னாசி பி.ஏ. படித்தவன் என்பதால் போன் அவன் கையில் இருந்தது. செய்முறையை அது தமிழில் மாற்றிக் காட்டியது. இன்னாசி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான்.

"வெங்காயம், குடமிளகாய், செலரித் தண்டு. இம்மூன்றும் கேஜன் சமையலின் பரிசுத்த மூவர்."

தொம்மை செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்து நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான்.

"அடுத்து என்ன போட்டிருக்கு?" என்று கேட்டான் தஸ்நேவிஸ்.

"பொடியாக நறுக்கவும்."

"ஏலே, பரிசுத்தமானதை நறுக்குறதா?" என்று பதறினான் சிலுவை. "யாரு நறுக்குவா? நான் மாட்டேன்."

அரை மணி நேரம் ஆலோசித்தார்கள். யார் நறுக்கியது என்று யாருக்கும் தெரியாமல் இருந்துவிட்டால் பாவம் யார் மேலும் விழாது என்று முடிவாயிற்று. அதனால் நாலு பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆளுக்கொரு கத்தியால் ஒரே பலகையில் நறுக்கினார்கள். பாவம் யார் மேலும் விழவில்லை. கட்டு மட்டும் ஏழு விரலில் போட வேண்டியிருந்தது.

"இரண்டு கப் அரிசி," என்று வாசித்தான் இன்னாசி.

எல்லோரும் அலமாரியைப் பார்த்தார்கள். கேரம் போட்டியில் ஜெயித்த கப்பு அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"டம்ளர் இருக்குலா?" என்றான் தஸ்நேவிஸ்.

"அது டம்ளர். இதுல கப்புன்னுல்லா போட்டிருக்கு," என்றான் இன்னாசி.

"அடுத்த போட்டி டிசம்பர்லதான் வருது. அதுவரைக்கும் மாமா காத்திருப்பாகளா?" என்று கவலைப்பட்டான் தஸ்நேவிஸ்.

சிலுவை சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு கால்பந்துக் கிளப்புக்குப் போய், மாவட்டக் கோப்பையை இரவல் வாங்கி வந்தான். அது அவன் இடுப்புயரம் இருந்தது. அதில் ஆறு கிலோ அரிசி பிடித்தது. கறி அரைக் கிலோதான். சோற்றை ஐஸ் கம்பெனி அண்டாவில் ஏற்றுவது என்று ஆயிற்று.

"இறைச்சியைப் பொன்னிறமாக வறுக்கவும்." தொம்மை தன் மோதிரத்தைக் கழற்றிச் சட்டியின் விளிம்பில் வைத்து நிறம் பார்த்தான். மோதிரத்தின் நிறத்துக்கு வராமலே கறி கறுத்துப் போனபோது, மோதிரம் அசல் தங்கம் இல்லையோ என்று தொம்மைக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

"வறுத்த இறைச்சியைச் சிறிது நேரம் ஓய்வெடுக்க விடவும்."

இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஐஸ் கம்பெனியில் அவர்களுக்கே ஓய்வு கிடைப்பதில்லை, அதன் அருமை தெரியும். வீட்டிலிருந்த ஒரே கட்டிலில் தலையணை போட்டு, தட்டோடு கறியைக் கிடத்தி, போர்வையைப் போர்த்தி, மின்விசிறியை இரண்டில் வைத்தார்கள்.

"உப்பும் காரமும் உங்கள் ருசிக்கேற்பச் சேர்க்கவும்."

"உங்கள்னா?" என்றான் தொம்மை.

"நம்ம எல்லாரையும்தான் மரியாதையாச் சொல்லுது," என்றான் இன்னாசி.

இன்னாசிக்கு உப்புத் தூக்கலாக இருக்க வேண்டும். சிலுவைக்குக் காரத்தில் கண்ணில் தண்ணீர் வர வேண்டும். தொம்மைக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. தஸ்நேவிஸுக்கு எதிலும் கொஞ்சம் கருப்பட்டி வேண்டும். யாருடைய ருசிக்கும் குறை வைக்கவில்லை.

"இறுக மூடவும். இருபது நிமிடம் திறக்கக் கூடாது."

"எதை மூடணும்?"

"அது போடல."

"அப்ப எல்லாத்தையும் மூடிருவோம்."

அண்டாவை மூடினார்கள். ஜன்னலை மூடினார்கள். வாசல் கதவைச் சாத்தி இரண்டு தாழ்ப்பாளும் போட்டார்கள். மூன்றாவது நிமிஷத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"யாரு?"

"நான்தான் கஸ்பாரு. வெயில் கொளுத்துது, கதவத் திறங்கய்யா."

தஸ்நேவிஸ் கதவுக்கு ஓடினான். "மாமா, இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கு மாமா!" என்று கதவோடு வாயை வைத்துக் கத்தினான். "திறந்தா எல்லாம் கெட்டுரும்!"

கஸ்பார் புயலிலும் கப்பல் மேல்தளத்தில் நின்ற மனிதர். ஆனால் சித்திரை மாதத்துத் தூத்துக்குடி வெயிலில் பதினேழு நிமிஷம் நின்றதில்லை. கதவு திறந்தபோது சட்டை நனைந்து, முகம் சிவந்து, சுவரைப் பிடித்தபடி உள்ளே வந்தார். நேரே கட்டிலைப் பார்த்துப் போனார்.

"மெதுவா, மாமா," என்று குறுக்கே கை நீட்டினான் சிலுவை. "கறி ஓய்வெடுக்குது."

கஸ்பார் போர்வையைப் பார்த்தார். தலையணையைப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்தார்.

அண்டாவைத் திறந்தார்கள். கறியை எழுப்பிக் கொண்டுவந்து கலந்தார்கள். இன்னாசி கடைசி வரியை வாசித்தான். "நால்வர் சாப்பிடலாம்."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்டாவில் ஒரு தெருவுக்கே ஆகிற சோறு கிடந்தது. ஆனால் மாமாவோடு சேர்த்து ஐந்து பேர்.

"ஒருத்தர் வெளிய போகணும்," என்றான் தொம்மை.

"மாமாவப் போகச் சொல்ல முடியாது, விருந்தாளி," என்றான் சிலுவை.

"நான் போறேன்," என்றான் தஸ்நேவிஸ். பிலோமிக்காக எதையும் செய்யக்கூடியவன். வெளியே போய் நடுத்தெருவில் நின்றான்.

கஸ்பார் ஒரு வாய் எடுத்துப் போட்டார். இருபது வருஷ ஆசை. மெல்லுவதை நிறுத்தினார். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. தட்டை வைத்துவிட்டு எழுந்து, வாசல் குழாயடிக்கு ஓடி, குழாயிலேயே வாயை வைத்துக் குடித்தார்.

"பாத்தியா, அழுறாக," என்றான் இன்னாசி. "பழைய ஞாபகம்."

அப்போது கஸ்பாரின் போன் அடித்தது. பிலோமி.

"எப்படிப்பா இருக்கு? அவுகளப் பிடிச்சிருக்கா?"

"சாப்பாட்டப் பத்திப் பேசாத," என்றார் கஸ்பார் கரகரத்த குரலில்.

"நான் சமையலுக்காகவா கட்டிக்கிறேன்? எது சொன்னாலும் அவுக அப்படியே கேப்பாகப்பா."

"அதாம்மா எனக்குப் பயமா இருக்கு."

மறுமுனையில் பிலோமி விம்முகிற சத்தம் கேட்டது. கஸ்பார் தெருவில் நின்ற தஸ்நேவிஸைப் பார்த்தார். வெயிலில் கையைக் கட்டிக்கொண்டு, பசியோடு, நகராமல் நின்றுகொண்டிருந்தான். அவர் மனசு இளகிவிட்டது.

"சரி, எனக்குச் சம்மதம்," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "ஒரே ஒரு நிபந்தனை. இவன் இனிமே அடுப்புப் பக்கம் போகவே கூடாது."

"சத்தியமாப் போக மாட்டேன் மாமா!" என்றான் தஸ்நேவிஸ்.

வீட்டுக்குள் மூன்று பேரும் தலையைச் சேர்த்து வைத்து ஆலோசிக்கத் தொடங்கினார்கள். சம்மதம் சொன்ன மாமாவை ஒரு வாயோடு அனுப்ப முடியுமா? இன்னொரு தட்டு சூடாகப் போட வேண்டாமா? அதை மாப்பிள்ளை கையால்தானே போட வேண்டும்? ஆனால் அவன் அடுப்புப் பக்கம் போகக் கூடாதே.

கஸ்பார் மகளிடம் பேசிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். சிலுவையும் தொம்மையும் எரிகிற அடுப்பை, மேலே அண்டாவோடு, தூக்கிக்கொண்டு வாசல்படி இறங்கினார்கள். பின்னால் இன்னாசி, கேஸ் குழாய் கழன்றுவிடாமல், சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்தான்.

"அவன்தானே மாமா போகக் கூடாது," என்றான் இன்னாசி மூச்சு வாங்க. "அடுப்பு வரலாம்லா?"

"அப்பா? அப்பா, என்ன சத்தம்?" என்றாள் பிலோமி.

"ஒண்ணுமில்லம்மா," என்றார் கஸ்பார், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியபடியே. "நீ ஓலைய வாசிக்கச் சொல்லிரு. நான் இன்னைக்கே கப்பலுக்குப் போறேன்."