ஏசுவடியாள் அம்மை போட்ட இரண்டாவது இலை

பரலோகத்தின் வாசல் சமாதானவிளை சபையின் வழியாகத்தான் திறக்கும் என்பது அவ்வூர்ச் சபையார் மூன்று தலைமுறையாகக் கட்டிக்காத்த பேருண்மை. அந்தச் சபையின் சொந்த வாசற்கதவோ கீல் இற்றுப்போய்த் தரையில் இழுபட்டது. யாராவது தூக்கிப் பிடித்தால்தான் திறக்கும். பெரும்பாலும் தூக்கிப் பிடித்தவர் ஏசுவடியாள் அம்மை.

அம்மை கோயில் பெருக்குகிறவர். ஆண்டுக்கொரு முறை நடக்கும் அசனப் பண்டிகையில், அதாவது ஊர் கூடிச் சாப்பிடும் கோயில் விருந்தில், எச்சில் இலை எடுக்கிறவரும் அவரே. இலை எடுக்கிறவர் கடைசிப் பந்தி எழுந்த பிறகுதான் உண்ண வேண்டும் என்பது வழக்கம். அம்மை அதை வழக்கமாக எண்ணவில்லை, வேதமாகவே எண்ணினார். எல்லோரும் கை கழுவிய பின் இரண்டு இலை போடுவார். ஒன்று தமக்கு. மற்றொன்று கணவர் மாடக்கண்ணுக்கு. அவர் ஞானஸ்நானம் பெறாமலே பனையிலிருந்து விழுந்து இறந்தவர். "ஆண்டவரே, அவுகளையும் கூப்பிட்டு உக்கார வையும்" என்பதுதான் இருபத்திரண்டு ஆண்டுகளாக அம்மையின் காலை ஜெபம், மாலை ஜெபம், விளக்குமாற்று ஜெபம். அவர் வருவாரென்று தம் சோறு ஆறும்வரை கை வைக்காமல் காத்திருப்பார். இரண்டாவது இலைச் சோறு ஒவ்வோர் ஆண்டும் காக்கைக்குப் போயிற்று.

அவ்வாண்டு அசனத்துக்கு முந்தைய வாரம், சுவிசேஷகர் எலியேசர் தாசையா வெள்ளை அங்கியும் வெண்கலக் குரலுமாக வந்திறங்கினார். நரகத்தின் வெப்பத்தை ஏழு நாள் விளக்கினார். அங்கே குடியிருந்துவிட்டு வந்தவர்கூட அவ்வளவு விவரமாகச் சொல்லியிருக்க முடியாது. கடைசி நாள், "மோட்சம் நிச்சயம் என்கிறவர்கள் எழுந்து என் வலப்பக்கம் வாருங்கள்!" என்று முழங்கினார். சபை மொத்தமும் எழுந்து இடித்துக்கொண்டு வலப்பக்கம் போயிற்று. பாயில் அம்மை மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, நீ மீட்கப்படலையா?"

"அதெல்லாம் ஆச்சு ஐயா."

"பின்னே எந்திரிக்க வேண்டியதுதானே?"

"நான் எலை எடுக்கவ ஐயா. கடைசிப் பந்தி முடியாம எனக்கு எலை போடக் கூடாதுல்லா. அவுக இன்னும் வரல. பக்கத்தூருச் சனமும் வரல. எல்லாரும் வந்து சாப்பிடட்டும், பெறவு நான் வாறேன்."

ஆர்மோனியம் பாதி மூச்சில் நின்றது.  சபைச் செயலாளர் பொன்னுத்துரை வாத்தியார் கூட்டத்தை முண்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஞானஸ்நானம் இல்லாமச் செத்தவனுக்கு அங்கே பந்தியே கிடையாது!" என்றார் சுவிசேஷகர்.

அம்மை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அம்புட்டுச் சோறு யாருக்காக வடிச்சாராம்?"

அன்று மாலையே கமிட்டி கூடியது. அம்மைக்கு நற்கருணை நிறுத்தம், இலைக்கூடை பறிமுதல். இத்தோடு நின்றிருக்கலாம். இந்த ஆண்டு அசனம் மீட்கப்பட்டவர்களுக்கு மட்டும், அதுவும் சீட்டின் பேரில் என்றும் தீர்மானமாயிற்று. சீட்டு கேட்கிறவர் மீட்கப்பட்டவர்தான் என்று சபையார் இருவர் கையெழுத்திட வேண்டும்.

அதில்தான் இடி விழுந்தது. ஏறக்குறைய யாரும் யாருக்கும் கையெழுத்திடவில்லை. "அவரா? வேலி தள்ளிப் போட்டவருல்லா!" "அவளா? ஜெபத்துல கண்ணத் தொறந்து அடுத்தவ சேலையப் பாக்கவ!" வாத்தியாருக்கே அவருடைய மைத்துனர் கையெழுத்து மறுத்தார். வலப்பக்கம் இடித்துக்கொண்டு போன அறுநூறு பேரில் பதினான்கு பேருக்குத்தான் சீட்டு கிடைத்தது. அந்தப் பதினான்கில் வாத்தியார் இல்லை. வெளியூர்க்காரரான சுவிசேஷகருக்கு யார் சாட்சி சொல்வது என்று ஒருவருக்கும் தோன்றவே இல்லை.

ஆனால் அரிசியும் ஆடும் சுற்றுவட்டாரமே நேர்ந்துகொண்டு கொடுத்தவை. வழக்கம்போல் பதினோரு அண்டா கொதித்தது. பதினான்கு பேரும் பந்தலில் ஒருவரையொருவர் முறைத்தபடி சாப்பிட்டு எழுந்தார்கள்.

சமையற்காரர் கரண்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "வாத்தியாரே, ஆளுக்கொரு அண்டாக்குள்ள எறங்கி உக்காந்தாலும் தீராதுவே. கோயில் சோறு மறுநாளைக்கு இருக்கக் கூடாதுங்கிறீரு. குழி தோண்டவா?"

வாத்தியார் பதினோரு அண்டாவையும் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போனார். வாசற்கதவின் கம்பிக்கு அப்பால், கூடை இல்லாத கையோடு, வழக்கமான நேரத்துக்கு வந்து அம்மை நின்றிருந்தார்.

"ஏசுவடியா, என்னம்மா செய்ய?"

"ஒரு பக்கம் பிடிங்க ஐயா. தூக்கினாத்தான் தொறக்கும்."

இருவருமாகக் கதவைத் தூக்கினார்கள். மணி அடித்தது. பக்கத்தூர்ச் சனம் வந்தது. குறி சொல்லும் கோடாங்கி வந்தார், சாராய வழக்கில் உள்ளே போய்வந்தவர் வந்தார், சீட்டு கிடைக்காத சபையார் அத்தனை பேரும் தலைகுனிந்தபடி வந்தார்கள். வேலி தள்ளிப் போட்டவர் பக்கத்தில் வேலி இழந்தவர் உட்கார்ந்தார். "எல்லாரும் வாங்க, இன்னும் இருக்கு" என்று அம்மை, பறிபோன கூடையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஓடிக்கொண்டே இருந்தார். சுவிசேஷகர் மட்டும், மீட்கப்படாதவர்களோடு கை நனைப்பதில்லை என்று தாம் தங்கிய அறையில் இருந்துகொண்டார். தனியாகச் சாப்பாடு வரும் என்று காத்திருந்தார். அந்த அமளியில் அவரை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

பொழுது சாய்ந்தது. கடைசிப் பந்தி எழுந்தது. வெறிச்சோடிய பந்தலில் அம்மை இரண்டு இலை போட்டு, அண்டாவின் அடியில் மிஞ்சியிருந்ததை இரண்டிலும் பரிமாறினார். கை கழுவக் கிணற்றடிக்குப் போய்த் திரும்பினார்.

இரண்டாவது இலை காலி. யாரோ சாப்பிட்டு, தம் பக்கமாக ஒழுங்காக மடித்து வைத்திருந்தார்கள்.

 தண்ணீர்ச் செம்பு அம்மையின் கையிலிருந்து நழுவியது. "வந்துட்டீகளா..." என்று மண்ணில் உட்கார்ந்து அழுதார். பிறகு இருபத்திரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக, சூடு ஆறுமுன் தம் இலையில் கை வைத்தார்.

சத்தம் கேட்டு ஊர் ஓடிவந்தது. மடித்த இலையைச் சுற்றிக் குனிந்து குனிந்து பார்த்தது. மறு ஞாயிறே அம்மைக்கு நற்கருணை தரப்பட்டது. அசனச் சீட்டுக் கட்டு அடுப்புக்குப் போயிற்று. அன்று முதல் அசனத்தில் எல்லோரும் எழுந்த பின் ஓர் இலை போட்டுவைப்பது அச்சபையின் வழக்கமாயிற்று. அழைத்து உட்கார வைத்தது ஆண்டவர்தான் என்பதில் சமாதானவிளையில் இரண்டாம் பேச்சு இல்லை, நமக்கும் இல்லை. கடைசி ஆள் உண்ணும்வரை தம் பசியைத் தள்ளிவைத்த அம்மையின் பேர் வாழட்டும்.

சுவிசேஷகர் அசனத்தன்று மாலையே யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பேருந்து ஏறினார். அவருடைய அங்கியின் வலது கையில் ஆட்டுக்கறிக் குழம்புக் கறை இருந்தது.